தீர்த்தத்துக்குத் தரவேண்டிய பதினொன்று

சரத்குமாருக்கு வலது தோளைத் தூக்கினால் கழுத்துவரை சுண்டி இழுத்தது. தொங்கவிட்டால் முழங்கைக்குக் கீழே மரத்துப்போனது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த காங்கிரீட் இரவு பதினொன்றுக்குத்தான் முடிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காக எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் நாலாவது மாடி. மூன்று வருஷமாக அவன் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறான். இரும்புத் தகடு சுமந்து, முட்டுக் கொடுத்து, காங்கிரீட் இறுகியதும் முட்டைப் பிரித்து மறுபடி சுமந்து, தோளில் காய்ப்பு ஏறியிருந்தது. அந்தக் காய்ப்புக்கும் அடியில்தான் இப்போது வலி.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தாம்பரத்தில் பஸ் ஏறினான். காஞ்சிபுரத்தில் இறங்கியவன் நேராகச் சொந்த ஊரான தாமலுக்குப் போயிருக்க வேண்டும். அவனுடைய அம்மா செல்லியம்மாள் ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தாள். அவன் போகவில்லை. சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, வரதராஜன் நடத்தும் பிரவுசிங் சென்டரின் வாசலில் ஒன்பதரைக்கு வந்து நின்றான். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழையும்போது தோள் இன்னொரு முறை சுண்டியது.

"யாருடா அது, கட தொறக்கறதுக்குள்ள உள்ள பூர்றது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு வரதராஜன் எட்டிப் பார்த்தான். துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. "அட, தாமல் சிங்கமா. நீ செத்துட்டன்னு இங்க பசங்கள்லாம் பேசிக்கினு இருந்தானுங்க."

"உயிரோடதான் இருக்கேன் வரதண்ணே. ராமானுஜ் வந்தானா?"

"ராமானுஜ் சாமி கோயில்ல பாசுரம் சொல்ற கோஷ்டிக்குப் போயிருப்பாரு. பத்தரைக்கு மேலதான் வருவாரு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான இப்ப வராரு." வரதராஜன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ இன்னாத்துக்கு வந்த?"

"குடுக்க வேண்டியத குடுக்க வந்தேன்."

அது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'வஜ்ரபூமி' என்ற அந்த ஆன்லைன் விளையாட்டை இந்தச் சென்டரில் ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர் விளையாடினார்கள். சரத்குமாரின் ஆள் வாள் வீசுகிறவன், பெயர் தாமல்சிங்கம். ராமானுஜின் ஆள் வைத்தியன். அடி வாங்கியவன்மேல் நீலமாக ஒரு ஒளியை ஊற்றினால் அவன் உயிர் ஏறும். கோயிலில் உள்ளங்கையில் ஊற்றுகிற மாதிரியே இருக்கிறது என்று ராமானுஜ் தன் ஆளுக்குத் தீர்த்தம் என்றே பெயர் வைத்தான். சண்டை முற்றும்போது சரத்குமார், "தீர்த்தம் குடு, தீர்த்தம் குடு" என்று கத்துவான். சென்டரே சிரிக்கும்.

லெவல் ஏறுவது அப்போது லேசான காரியம் இல்லை. ஐம்பதைத் தாண்டியபின் ஒரு லெவலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் போகும். ஒரே காட்டில், ஒரே எருமைக் கூட்டத்தைக் கொன்றுகொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கொன்றால் பலனும் பாதியாகும். அதனால் சரத்குமார்தான் ஒரு வழி சொன்னான். தாமலில் நடவு நேரத்தில் ஆள் கிடைக்காதபோது செய்கிற மாத்தாள் முறை. இன்றைக்கு நீ என் கழனியில் இறங்கு, நாளைக்கு நான் உன் கழனியில் இறங்குகிறேன். கூலி கிடையாது, நாளுக்கு நாள், உடம்புக்கு உடம்பு. விளையாட்டிலும் அப்படியே செய்தார்கள். பலன் முழுவதும் ஒருவனுக்கே போகும்படி வைத்துக்கொண்டு, முதல் முறை சரத்குமாருக்கு என்று பேசிக்கொண்டார்கள். நாலு மாதம் ராமானுஜ் தீர்த்தம் ஊற்றினான். தாமல்சிங்கம் ஐம்பதிலிருந்து அறுபத்தொன்றுக்குப் போனான். பதினொரு லெவல். தீர்த்தம் நாற்பத்தாறிலேயே நின்றது.

திங்கட்கிழமை ராமானுஜின் முறை ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் சரத்குமாரின் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சரத்குமார் மெட்ராசில் தகடு சுமந்துகொண்டிருந்தான். ராமானுஜிடம் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் வாரம் நேரம் இல்லை. அதற்கப்புறம் வெட்கம். வருஷம் ஒன்று ஆனபின் எந்த முகத்தோடு போன் பண்ணுவது?

போன வாரம் ராமானுஜே போன் பண்ணினான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை. "கம்பெனிக்காரன் ரெண்டு சர்வரை ஒண்ணாச் சேக்கறான். அறுபதுக்குக் கீழே இருக்கறவாளை அழிச்சுடப் போறான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. நான் நாப்பத்தொம்போதுல நிக்கறேன். நீ பதினொண்ணு பாக்கி வெச்சிருக்கே. வரியா?" என்றான். வருகிறேன் என்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

நாற்பத்தொன்பதும் பதினொன்றும் அறுபது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சரத்குமார் அதையே கூட்டிக்கொண்டு வந்தான்.

மூலையில் இருந்த பழைய மெஷினில் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தான். விரல் மறக்கவில்லை. திரை திறந்ததும் வழக்கமான ஊர் வரவில்லை. தங்க நிறத்தில் ஒரு பெட்டி வந்து நடுவில் நின்று சுற்றியது. அதன் கீழே ஆங்கிலத்தில் பத்து வரி. கடைசியில் இரண்டு பொத்தான்கள்.

"இன்னாண்ணே இது?"

வரதராஜன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தான். "அதுவா. ஒரு வருஷத்துக்கு மேல வராம இருந்துட்டுத் திரும்ப வர்றவனுக்குக் குடுக்கிறான். இருபத்தொம்பது லெவல் சும்மா ஏத்திவிடுறான். சட்டை, வாளு எல்லாம் உண்டு. ஓடிப்போனவனக் கூப்ட்டுக் கூப்ட்டுக் குடுக்கிறான்பா."

"இங்கயே கெடந்தவனுக்கு?"

"அவனுக்கு இன்னாத்துக்கு? அவன்தான் எங்கயும் போக மாட்டானே." வரதராஜன் சிரித்தான். "இப்பல்லாம் யாரும் கும்பலா ஆடறதில்ல. தனித்தனியா ஓடறானுங்க. ஊர்க்காரன் ஒருத்தன் பத்துப் பன்னி அடின்னு வேலை குடுப்பான், அடிச்சா லெவல் ஏறும். ஒரு வாரம் பண்ணத இப்ப ஒரு மணி நேரத்துல பண்றானுங்க. வைத்தியருங்களத்தான் சீந்த ஆள் இல்ல. அவங்க அடிச்சா பன்னி சாவுறதுக்குள்ள நமக்கு வயசாயிடும். அமுக்குடா, ஃப்ரீயாத்தான குடுக்கிறான்."

சரத்குமார் யோசித்தான். ராமானுஜ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாத்தாளில் ஒரு கணக்கு உண்டு. ஆளுக்குப் பதில் ஆள் போனால் ஒரு நாள். ஏரும் மாடும் ஓட்டிக்கொண்டு போனால் அதையே இரண்டு நாளாக எடுத்துக்கொள்வார்கள். பலத்தோடு போகிறவன் சீக்கிரம் கழிப்பான். தொண்ணூறு லெவலில் நின்றால் ஒரே வீச்சில் எருமை சாயும். பதினொன்றை மத்தியானத்துக்குள் கழித்துவிட்டு ஊருக்குப் போய் மீன் குழம்பும் சாப்பிடலாம்.

அமுக்கினான். வாணவேடிக்கை வெடித்தது. அறுபத்தொன்று மறைந்து தொண்ணூறு வந்தது. நாலு மாதத்தில் பதினொன்று ஏறியவனுக்கு மூன்று விநாடியில் இருபத்தொன்பது. தாமல்சிங்கத்தின் உடம்பில் முள் முள்ளாக ஒரு கவசம் ஏறி உட்கார்ந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, அடுத்தவன் செருப்பில் கால் விட்டதுபோலவும் இருந்தது.

ராமானுஜ் பத்தே முக்காலுக்கு வந்தான். வேட்டியை மாற்றிப் பேண்ட் போட்டிருந்தான். நெற்றியில் நாமம் அப்படியே இருந்தது. மெலிந்து, கண்ணாடி போட்டு, வாத்தியார் மாதிரி ஆகியிருந்தான். சரத்குமார் எழுந்தான்.

"ஒக்காரு. நேரம் இல்லை," என்று ராமானுஜ் அடுத்த மெஷினைப் போட்டான்.

"எப்படிடா இருக்க?"

"நாப்பத்தொம்போதுல இருக்கேன்."

எருமைக் காட்டில் தீர்த்தம் வந்து நின்றது. அதே பச்சை அங்கி, அதே தடி. மூன்று வருஷத்துக்கு முந்தைய துணி. அதன் பக்கத்தில் தாமல்சிங்கம் தகதகவென்று நின்றான். ராமானுஜின் கை மவுஸின் மேலே அசையாமல் நின்றது.

"உன் தலைக்கு மேல என்ன நம்பர் அது?"

"தொண்ணூறு. ஃப்ரீயா குடுத்தான்டா. இனிமே பாரு, எப்படி அடிக்கிறேன்னு." சரத்குமார் எருமையை நோக்கி ஓடி ஒரு வீச்சு வீசினான். எருமை சாய்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. பத்து எருமை ஒரு நிமிஷத்தில் விழுந்தது. "ஏறிச்சா?"

ராமானுஜ் தன் திரையைக் காட்டினான். அதில் பத்து வரி வந்திருந்தது. பத்திலும் ஒரே எண். பூஜ்யம்.

"ஏன்டா ஏறல?"

"நீ அந்தப் பெட்டியில எழுதியிருந்ததைப் படிச்சியா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு."

"நான் வர்ற வரைக்கும் இருக்க முடியலையா உனக்கு?" ராமானுஜ் குரலை உயர்த்தவில்லை. "இப்போ சட்டம் மாறிடுத்து. பதினஞ்சு லெவலுக்கு மேல வித்தியாசம் இருந்தா, சேர்ந்து அடிச்சா கீழே இருக்கறவனுக்கு ஒண்ணும் கிடையாது. நீ ஒரு தட்டுத் தட்டினாலும் அந்த மிருகம் உன் கணக்கு. நீ அறுபத்தொண்ணுலயே இருந்திருந்தா வித்தியாசம் பன்னெண்டு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருக்கலாம். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

"திருப்பிக் குடுக்க முடியாதா?"

"லெவலை யாருடா திருப்பி வாங்குவா?"

வரதராஜன் கல்லாப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அமுக்கச் சொன்னது அவன்.

பிறகு ஒரு மணி நேரம் கண்டதையும் செய்து பார்த்தார்கள். சரத்குமார் எருமையை முக்கால் கொன்றுவிட்டு ஒதுங்கினான். ராமானுஜ் கடைசித் தட்டுத் தட்டினான். பூஜ்யம். சரத்குமார் தள்ளி நின்று பார்த்தான். ராமானுஜ் தனியாக அடித்தான். ஒரு எருமைக்குப் பத்து நிமிஷம் ஆனது, நடுவில் இரண்டு தடவை செத்தான்; செத்தால் அந்த லெவலில் சேர்ந்ததில் பெரும்பகுதி கழிந்துவிடும். சரத்குமாருக்குப் புது ஆள் ஒன்றை உருவாக்கலாமா என்று பார்த்தால், அதை நாற்பதுக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே பொழுது போய்விடும். பன்னிரண்டு மணிக்கு மின்விசிறி நின்றது. திரைகள் இரண்டும் கறுத்தன.

"பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் கட்," என்றான் வரதராஜன். "இன்னைக்கு இந்த ஏரியா. யுபிஎஸ் பேட்டரி பூடுச்சு, இன்னும் மாத்தல."

சரத்குமாரின் போன் அடித்தது. செல்லியம்மாள். "எங்கடா இருக்க? கொழம்பு ஆறிப் போவுது. உங்கப்பா நீ வந்தாத்தான் சாப்புடுவேன்னு குந்திக்கினு இருக்காரு."

"வந்துக்கினே இருக்கேம்மா."

"ஒன்பது மணிக்கும் இதையேதான சொன்ன. நடந்தா வர?"

போனை வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தான். வியர்வை கழுத்தில் இறங்கியது. காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தான். ராமானுஜ் நாற்காலியைச் சுவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவனைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ராமானுஜ். என் ஆளையே நீ எடுத்துக்க. பாஸ்வேர்டு குடுத்துட்றேன். தொண்ணூறு லெவல். எவனும் அழிக்க மாட்டான்."

"எனக்கு எதுக்கு?"

"நீ ஏத்துனதுதான அது."

"அறுபத்தொண்ணு வரைக்கும் நான் ஏத்தினேன். அதுக்கு மேல எவனோ ஏத்தினான். நீயும் ஏறலை, நானும் ஏத்தலை." ராமானுஜ் இப்போது திரும்பினான். "மூணு வருஷம்டா. வாராவாரம் வருவேன். நாலு மணி நேரம் ஒக்காந்தா நூத்துல ரெண்டு பங்கு ஏறும். நாப்பத்தாறுலேர்ந்து நாப்பத்தொம்போது. இந்தப் பசங்கள்லாம் ஒரு மாசத்துல எழுபது, எண்பதுன்னு தாண்டிப் போவான். 'என்ன சாமி, இன்னும் அங்கயே இருக்கீங்க'ம்பான். விட்டுட்டுப் போயிருந்தா எனக்கும் இன்னிக்கு அந்தப் பெட்டி வந்திருக்கும். ஒரு வருஷம் வராம இருந்தாப் போறும். நான் போகலை."

"ஏன் போகல?"

"நீ வருவேன்னு நெனச்சேன். வர்றப்போ நான் இல்லாட்டா, யாருக்குடா திருப்பிக் குடுப்பே?"

இடுப்பு முறிந்த அப்பாவைப் பற்றிச் சரத்குமார் சொல்லலாம். தகட்டைப் பற்றி, தோளைப் பற்றிச் சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு போன் பண்ண ஒரு ரூபாய் இருந்திருக்கும். அதுவும் உண்மை.

வலித்த தோளை இடது கையால் அமுக்கிக்கொண்டான். முட்டு சுமந்த இடம். ஒரு மாடித் தளத்துக்கு இருநூறு முட்டு. காங்கிரீட் போடும்போது அது ஒன்றும் செய்யாது. கொட்டுகிறவன் கொட்டுவான், சமப்படுத்துகிறவன் சமப்படுத்துவான். முட்டு அடியில் நிற்கும்; பாரத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

"டேய்," என்றான். "அடிச்சாத்தான பங்கு? அடி வாங்கறவனுக்கு?"

"என்ன?"

"நான் உன் அணியில சேர மாட்டேன். வாளத் தூக்க மாட்டேன். எருமை எல்லாத்தையும் என் மேல இழுத்துக்கறேன். சும்மா நிக்கறேன், முட்டு மாதிரி. நீ பின்னால நின்னு தடியால அடி. மெதுவாவே அடி. உன் மேல ஒண்ணும் வராது, சாவ மாட்ட. எருமை சாவுறவரைக்கும் நான் நிக்கறேன்."

ராமானுஜ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "உன் கூச்சல் இருக்கா இன்னும்?"

வாள்காரனுக்குக் கூச்சல் என்று ஒரு வித்தை உண்டு. கத்தினால் சுற்றியிருக்கும் மிருகங்கள் எல்லாம் அவன்மேல் திரும்பும். வாள் கையில் இருந்தால்தான் கத்த முடியும்; கத்துவது அடியில் சேராது. ஆனால் ஒரு தடவை கத்தினால் அடுத்த தடவைக்கு இருபது விநாடி காத்திருக்க வேண்டும்.

"இருக்குது."

"அந்த முள்ளுச் சட்டையைக் கழட்டணும். அதை முட்டினா மிருகத்துக்குத் திருப்பி அடி விழும். அதுவும் உன் அடியாத்தான் கணக்கு."

"வாளத் தவிர எல்லாத்தையும் கழட்டிட்றேன். வெத்து உடம்போட நிக்கறேன். நீதான் தீர்த்தம் ஊத்தணும்."

ராமானுஜ் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

வரதராஜன் மூன்று டீயும் மூன்று பன்னும் வாங்கி வந்து வைத்தான்.

கரண்ட் இரண்டு பத்துக்கு வந்தது. இரண்டு இருபதுக்குத் தாமல்சிங்கம் கோவணம் போன்ற ஒரு துணியோடு எருமைக் காட்டில் நின்று கத்தினான். நாலு எருமைகள் வந்து முட்டின. சரத்குமார் மவுஸிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கூச்சல் பொத்தானில் மட்டும் இடது கையை வைத்திருந்தான். அவன் உயிர்க்கோடு குறைந்தது. நீல ஒளி விழுந்தது. மறுபடி குறைந்தது. ராமானுஜின் தடி டொக்கு டொக்கென்று அடித்தது. முதல் எருமை ஆறு நிமிஷத்தில் விழுந்தது. ராமானுஜின் திரையில் ஒரு வரி வந்தது. பூஜ்யம் இல்லை. நீளமான ஒரு எண்.

"வர்றது," என்றான் ராமானுஜ்.

புதிய சட்டத்தில் ஒரு நல்லதும் இருந்தது. முன்பு நூறு எருமைக்குக் கிடைத்தது இப்போது நாலுக்குக் கிடைத்தது. தனக்கு மேற்பட்ட மிருகமானால் இன்னும் அதிகம். இரண்டு நாற்பதுக்கு ஐம்பது. மூன்று ஐந்துக்கு ஐம்பத்தொன்று. சென்டரில் இருந்த மற்றவர்கள் தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். தொண்ணூறு லெவல்காரன் எருமையிடம் உதை வாங்குவதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒரு அடி அடிச்சாச் செத்துடுமேண்ணே," என்றான் ஒருவன்.

"வாய மூடு," என்றான் வரதராஜன்.

சும்மா நிற்பது கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அடித்த கை. எருமை முட்டும்போதெல்லாம் ஆட்காட்டி விரல் தானாக மவுஸின்மேல் போனது. சரத்குமார் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். தோள் தெறித்தது. நாலு மணிக்கு ஐம்பத்து மூன்று. நாலே முக்காலுக்கு ஐம்பத்தைந்து. ராமானுஜின் போன் இரண்டு முறை அடித்தது. சாயங்காலக் கோஷ்டிக்கு வேட்டி மாற்ற வேண்டிய நேரம். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஐந்து இருபத்தைந்துக்கு ஐம்பத்தேழு. எட்டு லெவல் கழிந்திருந்தது. இன்னும் மூன்று.

"பத்தாது," என்றான் ராமானுஜ். "முப்பத்தஞ்சு நிமிஷம். எருமையில ரெண்டுதான் வரும். அதுவும் இழுத்துப் பிடிச்சா."

"கோயில் பல்லி?"

ராமானுஜ் திரும்பிப் பார்த்தான். மலைக்குகை ஒன்றில் ஒரு மஞ்சள் பல்லி உண்டு, வீட்டளவு பெரியது. வெளியூர்க்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அதை ஐம்பதுகளில் இருக்கும் ஒருவன் தனியாகக் கொன்றால் மூன்று லெவலுக்குக் குறையாமல் கிடைக்கும். யாரும் கொன்றதில்லை.

"தொட்டா தோஷம் போகும்பா. இது உயிரையே எடுத்துடுமே."

"என் உயிரத்தான எடுக்கும். போறதுக்கு ஏழு போனாலும் இருபத்தெட்டு நிமிஷம் நிக்க முடியும். வா."

ஐந்து முப்பத்திரண்டுக்குக் குகைக்குள் நின்றார்கள். சரத்குமார் கத்தினான். பல்லி திரும்பியது. அதன் வாலடி ஒன்றில் தாமல்சிங்கத்தின் உயிர்க்கோடு பாதிக்கு வந்தது. நீல ஒளி. வாலடி. நீல ஒளி. இரண்டு தீர்த்தத்துக்கு நடுவில் ஒரு தடியடி. அதற்குமேல் ராமானுஜுக்கு நேரம் கிடைக்கவில்லை. பல்லியின் சிவப்புக் கோடு திரையின் நீளத்துக்கு இருந்தது. அது ஒரு நெல்முனை அளவு குறைந்தது. இன்னொரு நெல்முனை.

சரத்குமார் இருபது விநாடியை வாய்விட்டு எண்ணினான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, கத்து. அந்தச் சத்தமும் தடியின் சத்தமும் தவிர சென்டரில் வேறு சத்தம் இல்லை. ஐந்து நாற்பதுக்குச் சிவப்பு பாதி. நாற்பத்தேழுக்குக் கால். வால் அடுத்தடுத்து இரண்டு முறை சுழன்றபோது தாமல்சிங்கத்துக்குக் கோடு தெரியாத அளவுக்கு உயிர் போனது. ராமானுஜ் கையில் இருந்ததையெல்லாம் ஊற்றி நிமிர்த்தினான்.

ஐந்து ஐம்பத்தொன்று. பல்லிக்கு ஒரு விரற்கடைதான் மிச்சம்.

அப்போது அது திரும்பியது. ஊற்றின தீர்த்தம் அதிகமாகிப்போனதோ என்னவோ, அதற்கு வைத்தியன்மேல் கோபம் வந்துவிட்டது. மஞ்சள் தலை மெதுவாகச் சுழன்று, பச்சை அங்கியைப் பார்த்தது. வாய் திறந்தது.

சரத்குமாரின் எண்ணிக்கை பதினொன்றில் இருந்தது. கூச்சலுக்கு இன்னும் ஒன்பது விநாடி இருந்தது.

தொடைக்கு அடியில் இருந்த கை எப்போது வெளியே வந்தது என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவனுக்குத் தெரியவில்லை. நாலு மாதம், தினமும், எந்த மிருகம் ராமானுஜ் பக்கம் திரும்பினாலும் அந்தக் கை செய்தது ஒன்றே ஒன்றுதான். விரல் மவுஸை அமுக்கியது. வெத்து உடம்போடு தாமல்சிங்கம் வாளை வீசினான். தொண்ணூறு லெவல் வாள். பல்லி இரண்டாகப் பிளந்து விழுந்தது. சரத்குமாரின் திரையில் நீளமான ஒரு எண் வந்தது. ராமானுஜின் திரையில் பூஜ்யம்.

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மெஷினுக்குத் திரும்பினார்கள்.

"செத்திருப்பேன்," என்றான் ராமானுஜ். "செத்துட்டுப் பத்து விநாடியில அங்கேயே எழுந்துருப்பேன். அதுக்குள்ள உனக்குக் கூச்சல் வந்திருக்கும். ஆறு தட்டுதான் பாக்கி இருந்தது."

"தெரியும்டா."

"தெரிஞ்சும்..."

"கை போயிடுச்சு."

ராமானுஜ் தலையை ஆட்டினான். திட்டுவான் என்று சரத்குமார் காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. ராமானுஜ் தீர்த்தத்தைக் குகையிலிருந்து வெளியே நடத்திக்கொண்டு வந்து, எருமைக் காட்டில், நாலு மாதம் நின்ற அதே மரத்தடியில் நிறுத்தினான். தாமல்சிங்கமும் பக்கத்தில் போய் நின்றான். ஒரு எருமை மேய்ந்துகொண்டே வந்து போனது. ஆறு மணிக்கு இரண்டு திரையும் ஒன்றாக இருண்டன.

ஆறே காலுக்கு மறுபடி திறந்தது. சரத்குமாரின் திரையில் தாமல்சிங்கம் நின்றான், தொண்ணூறு. ராமானுஜின் திரையில், ஆள் நிற்க வேண்டிய மேடை காலியாக இருந்தது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: புதிய வீரனை உருவாக்கு. ராமானுஜ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தான். கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"போறயா?"

"கோஷ்டி முடிஞ்சிருக்கும். தீர்த்தம் குடுத்துண்டிருப்பா இப்போ."

சரத்குமார் வாசல்வரை கூடவே போனான். "ராமானுஜ். இன்னும் மூணு இருக்குதுடா."

ராமானுஜ் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். இல்லை, விடு, தீர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. "எட்டு குடுத்துட்டே. மூணு இருக்கு," என்றான்.

"எப்படிக் குடுக்கறது இப்ப?"

"அது உன் கவலை."

தெருவில் இறங்கிக் கோயில் பக்கமாக நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் போகவில்லை.

தாமல் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. மேல் கம்பியைப் பிடிக்க வலது கை எழவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டு சரத்குமார் நின்றான். வயிறு காந்தியது. வீட்டில் மீன் குழம்பு ஆறிப்போயிருக்கும். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு இரண்டாவது மாடியில் முட்டுப் பிரிக்க வேண்டும். ராமானுஜுக்கு அவன் இன்னும் மூன்று லெவல் தரவேண்டும்.